மிதேக் ஒரு தவறும் செய்யவில்லை

என் அண்ணனுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. வீடு கொள்ளாத கூட்டம். அம்மா விதவிதமாகக் கேக் செய்து மேசை முழுக்கப் பரப்பியிருந்தாள். ஊர்க்காரர்கள் வருவதும், காபி குடிப்பதும், மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போவதுமாகப் பகல் முழுக்கக் கழிந்தது. அண்ணன் திமிங்கலத் தோலைச் சப்பிக்கொண்டே மேசைக்கு அடியில் தூங்கிவிட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். விருந்து சூடு பிடிக்கும் நேரத்தில் தூங்கிப்போவான்.

நீங்கள் இந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதனால் இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். என் அண்ணன் கூனுக், ஏரியில் பனி உடைந்து, பனிவண்டியோடு உள்ளே போனவன். அவன் போன அதே குளிர்காலத்தில் அக்கா பிபாலுக்குக்கு மகன் பிறந்தான். போனவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது எங்கள் வழக்கம். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. ஆகவே அக்கா தன் மகனை அண்ணா என்று கூப்பிடுகிறாள். நானும் அண்ணா என்கிறேன். அம்மா அவனைப் பெரியவனே என்கிறாள். கூனுக்கின் துப்பாக்கி அவனுடையது. கொட்டகையில் தொங்கும் கூனுக்கின் கயாக்கும், அந்தத் தோல் படகும், அவனுடையது. நான் மாதம் ஒருமுறை அதன் தோலுக்கு எண்ணெய் தடவி வைக்கிறேன்.

நான் பகலில் மீன் ஆலையில் எடை போடுகிறவன். மாலையில் கயாக் சங்கத்தில் பயிற்சி கொடுக்கிறேன். காற்றில் கவிழ்ந்தால் எப்படி உயிரோடு இருப்பது என்பதுதான் என் பாடம். வேறு எதையும் நான் இவ்வளவு நன்றாகக் கற்கவில்லை. பேச்சில் தடுமாறுவேன். சொன்னது சரியா என்று வீட்டுக்குப் போன பிறகும் யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது சொல்வதையும் வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். எங்காவது முன்பின் ஆனால் நிறுத்திக் கேளுங்கள்.

மிதேக் என் அக்காவின் கணவன். குழந்தையின் அப்பா. தெற்கே வேறொரு ஊர்க்காரன், மின்சார வேலை செய்தவன். நல்லவன். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவன் நுழைந்தால் எங்கள் வீட்டில் சத்தம் வரும். அம்மாவே அவன் பேச்சுக்குச் சிரிப்பாள், அதுவும் கூனுக் போன பிறகு.

ஜூன் மாதத் தேசிய நாளன்று எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான், மேல்படிப்புக்கு டென்மார்க்கில் இடம் கிடைத்துவிட்டதாம். செப்டம்பரில் மூன்று பேரும் கிளம்புகிறார்களாம்.

"அங்க போனா இவனை லூகாஸ்னே கூப்பிடப் போறோம்," என்றான். "கூனுக்னா அந்த ஊர்ப் பசங்க வாயில நுழையாது."

"அவன் பேரு கூனுக்," என்றாள் அம்மா.

"ரெண்டும் அவன் பேருதான் அத்தே. சர்ச்சுல ரெண்டும்தான எழுதினோம்? உங்களுக்குப் பெரியவன், இவளுக்கு அண்ணன், இவனுக்கும் அண்ணன். எனக்குன்னு ஒரு புள்ளை இல்லாமப் போச்சு. டயப்பர் மாத்தும்போது மட்டும் நான் அப்பன். மத்த நேரமெல்லாம் அவன் எனக்கு மச்சான். ராத்திரி அழுதான்னாக்கூட, 'மச்சான், கொஞ்சம் தூங்குறீங்களா'ன்னு மரியாதையாக் கெஞ்ச வேண்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வேடிக்கை இல்லாத குரலில் சொன்னான்.

"இவன் இவனா வளரட்டும் அத்தே. செத்தவங்க சட்டையை எத்தனை நாளைக்குத்தான் மாட்டிக்கிட்டுத் திரிவான்?"

அந்த வாக்கியம் என்னோடு தங்கிவிட்டது. ஆலையில் மீனை எடை போடும்போதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஓர் ஆள் பெயரில் இருக்கிறான். பெயரை எடுத்துவிட்டால் அவன் எங்கே இருப்பான்? ஏரி என் அண்ணனை எடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் இந்த இரண்டாவது சாவுக்கு நாள் குறித்து, விமானச் சீட்டும் வாங்கிவிட்டார்கள். நான் சொல்ல வருவது இதுதான். இதில் கொலை என்று ஒன்று இருந்தால், அதை முதலில் திட்டமிட்டது நான் இல்லை.

மற்ற வழிகளைப் பார்க்காமல் நான் எதையும் செய்யவில்லை. அக்காவிடம் பேசினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ரெண்டு வருஷம்டா. படிச்சு முடிச்சுட்டு வந்துடுவோம். நீ என்னமோ சந்திரனுக்குப் போற மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க."

"வரும்போது லூகாஸா வருவான்."

"எவனா வந்தா என்ன, உன் தோள்லதான ஏறப் போறான்?"

அண்ணனிடமே கேட்பது நியாயம் என்று தோன்றியது. கொட்டகைக்குத் தூக்கிப் போய், அவனுடைய கயாக்குக்குள் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அண்ணா, நீ டென்மார்க் போறியா?"

"போறேன்," என்றான். "ஏரோப்ளேன்ல."

அவனுக்குக் கேள்வி புரியவில்லை என்று முடிவு செய்தேன்.

மிதேக்குக்குக் கயாக் ஓட்டத் தெரியாது. எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவனுக்கு அது ஒரு குறை. போவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனாகவே என் கோடைப் பயிற்சியில் சேர்ந்தான். குளிரென்றால் அவனுக்குப் பயம். தண்ணீரில் முகம் பட்டவுடன் கெட்ட வார்த்தையாக வரும். ஆனாலும் ஒருநாள் தவறவில்லை.

நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது காத்திருப்பதை. கயாக் கவிழ்ந்தால் இடுப்பு படகோடு பிணைந்திருக்கும், தலை கீழே தொங்கும். துடுப்பை வீசிப் புரண்டு எழ முடிந்தால் எழலாம். முடியாவிட்டால் அவசரப்பட்டு வெளியே வரக் கூடாது. கைகளை மேலே நீட்டிப் படகின் வயிற்றைத் தட்ட வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் கைகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கூட வந்தவன் தன் படகின் மூக்கை அந்தக் கைகளுக்கு நடுவில் கொண்டுவந்து கொடுப்பான். அதைப் பற்றிக்கொண்டு இடுப்பை ஒரு சுண்டு சுண்டினால் மேலே வந்துவிடலாம். சீல் வேட்டைக்குப் போனவர்கள் இப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மேலே இருப்பவன் வருவான் என்று நம்புவதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம்.

மிதேக் அந்த நம்பிக்கையை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான். முதல் வாரம் தட்டிய உடனே பயந்து வெளியே வந்துவிடுவான். "மச்சான், கீழ இருக்கும்போது ஒரு நிமிஷம் ஒரு வருஷமாத் தெரியுதுடா," என்பான். பிறகு பழகிவிட்டது. ஆகஸ்டில் நான் வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தேன். அவன் கைகள் பதறாமல் மெதுவாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. சிவப்புக் கையுறை போட்டிருப்பான். தண்ணீருக்கு மேலே அந்த இரண்டு சிவப்புக் கைகள் மட்டும் என் படகைத் தேடுவதைப் பார்க்க எனக்கு மனநிறைவாக இருந்தது. எந்த வாத்தியாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அமைதியான தண்ணீரில் எல்லாம் தேறிவிட்டான். காற்றில் ஒருமுறை செய்து காட்ட வேண்டியது மட்டும் பாக்கி. அதையும் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று அவனே சொன்னான். எந்த நாள் என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன்.

அன்று காலை காற்று வெதுவெதுப்பாக இருந்தது. ஊருக்குப் பின்னால் உள்ள பெரிய பனிப்பரப்புக்கு மேலே, கவிழ்த்த தட்டுப் போல வழவழப்பாக ஒரு மேகம் நின்றது. அந்த மேகத்தைப் பார்த்தால் படகை இறக்காதே என்று என் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். பனியிலிருந்து இறங்கும் காற்று, மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் ஃபியோர்டு வழியாக வெளிக்கடலை நோக்கி அடிக்கும். கவிழ்ந்தவனைக் கரைக்குத் தள்ளாது, வெளியே தள்ளும்.

மிதேக்கும் அதைக் கவனித்தான். நல்ல மாணவன் என்றேனே.

"மச்சான், இது நீ இறங்கக் கூடாதுன்னு சொன்ன மேகம் இல்லையா?"

"அதேதான். அதனாலதான் இன்னைக்கு."

"சரி, செத்தேன்," என்று சிரித்துக்கொண்டே படகைத் தூக்கினான்.

நாங்கள் போவதைக் கரையிலிருந்து அக்கா பார்த்தாள். அண்ணன் அவள் இடுப்பில் இருந்தான். மிதேக் துடுப்பைத் தூக்கி ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

ஃபியோர்டு வாயில் ஒரு முனை உண்டு. அதற்கு அப்பால் போனால் ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே காற்று வேகமெடுத்திருந்தது. அலைகளின் தலையைக் கிள்ளி நம் முகத்தில் தூவும் காற்று. நான் கையைக் காட்டினேன். மிதேக் மூச்சை இழுத்துக்கொண்டு கவிழ்ந்தான்.

முதலில் துடுப்பை வீசிப் புரண்டு எழப் பார்த்தான். அலை வரும் பக்கம்தான் எழப் பார்த்தான், அது சரி. பாதி வந்தவனைக் காற்று மறுபடி அழுத்தியது. இரண்டாவது முறை முயன்று சக்தியை வீணாக்கவில்லை, அதுவும் சரி. சிவப்புக் கைகள் வெளியே வந்தன. தட்டின. பிறகு தேட ஆரம்பித்தன.

நான் என் படகின் மூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பற்றிக்கொண்டு எழுந்தான். தலை வெளியே வந்து, வாய் திறந்து, மூச்சு உள்ளே போகும் அந்த நேரத்தில் நான் பின்பக்கமாகத் துடுப்புப் போட்டேன். பிடி நழுவி அவன் மறுபடி கீழே போனான். போன மூச்சில் பாதி தண்ணீராக இருந்திருக்கும். ஆனால் மறுபடியும் தட்டினான். அவன் தட்டிய விதத்தில் பதற்றம் இல்லை. நான் அருகிலேயே இருந்தேன், நகரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் இடுப்பைப் படகோடு பிணைத்திருந்த ரப்பரைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான். ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் படகு. இரண்டையும் விடவில்லை. புதியவர்கள் படகை விட்டுவிட்டு நம்மிடம் நீந்தி வருவார்கள். அதற்குள் காற்று படகை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இருமி முடித்துவிட்டுக் கத்தினான். "என்ன மச்சான், கொடுத்துட்டு ரிவர்ஸ்ல போற?"

"காத்துல அப்படித்தான் ஆகும்," என்றேன். "ஆள் கெடைக்கலன்னு வச்சுக்க. தனியா ஏறு."

"பாவி. இதுவும் பரீட்சையா?"

"ஆமா."

அதை அவன் நம்பினான். இங்கே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் நானும் அதை நம்பினேனோ என்னவோ. அவன் ஏதாவது ஒரு தவறு செய்வான், அந்தத் தவறுக்கு அவன் சாவான், நான் பார்த்துக்கொண்டிருந்தவன் மட்டும்தான் என்று ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடந்திருந்தால் இன்று உங்களிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

அவன் படகுக்குக் காற்று வரும் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டான், அலை அதைத் தூக்கி அவன் மேல் எறியாதபடி. ஏறும்போது படகு சாயாமல் தாங்குவதற்கான காற்றுப் பையைத் துடுப்பின் முனையில் மாட்டி ஊதினான். உதடு நீலமாகிவிட்டது, ஆனாலும் நிதானமாக ஊதினான். துடுப்பின் மறுமுனையைப் படகின் மேல்கயிற்றுக்கு அடியில் செருகி, நிமிர்த்திய படகின் மேல் வயிறு படக் குப்புற ஏறினான். கால் ஒன்று உள்ளே போய்விட்டது. சங்கத்தில் பத்து வருடமாகப் படகு ஓட்டுகிறவர்கள்கூட அந்தக் காற்றில் அப்படி ஏறியிருப்பார்களா என்று எனக்கு நிச்சயமில்லை.

நான் அருகில் போய் என் படகின் மூக்கால் அந்தக் காற்றுப் பையைத் தட்டிவிட்டேன். அவன் மறுபக்கம் சரிந்து விழுந்தான்.

மேலே வந்தபோது அவன் முகத்தில் வேடிக்கை போயிருந்தது. "போதும்டா. கை மரத்துப்போச்சு. ஏத்தி விடு."

"ரேடியோவைக் குடு. படகைக் கூப்பிடுறேன்."

தோள்பட்டையில் மாட்டியிருந்த ரேடியோவைக் கழற்றி நீட்டினான். கவிழ்ந்தவனால் தெளிவாகப் பேச முடியாது, படகில் இருப்பவன்தான் பேச வேண்டும். இதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வாங்கி, அவன் பார்க்கும்படியே தண்ணீரில் போட்டேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ரேடியோ போன இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"லூகாஸ் விஷயமா?" என்றான்.

"அவன் பேரு கூனுக்."

"சரி. கூனுக். கூனுக்னே கூப்பிடுறோம் மச்சான். போகவே இல்ல, போதுமா? சீட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். கையைக் குடு."

இப்போது நீங்கள் கேட்கலாம், அவன்தான் ஒத்துக்கொண்டானே என்று. நானும் அப்போது யோசித்தேன். குளிரில் ஒருவன் கொடுக்கும் வாக்கைக் கரையில் கேட்க முடியாது. கரைக்குப் போனால் அவன் நடந்ததைச் சொல்லுவான். அக்கா நம்புவாள். பிறகு அவர்கள் செப்டம்பர் வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்ததில், அந்த இடத்திலிருந்து திரும்பிப் போக எனக்கு வழி இல்லை.

அவன் விசிலை வாயில் வைத்து ஊதினான். அது சரியான காரியம்தான், ஆனால் சத்தம் கடலுக்குத்தான் போயிற்று. பிறகு எட்டி என் படகின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூழ்குகிறவன் உன்னைப் பிடித்து இழுத்தால் முதலில் உன்னைக் காப்பாற்றிக்கொள் என்பது விதி. எங்கள் துடுப்பு ஒல்லியானது, விளிம்பில் எலும்பு பதித்தது. அதன் விளிம்பால் இடது கையை அடித்தேன். மரக்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், காற்றிலும் கேட்டது. அந்தக் கை போய்விட்டது. வலது கையை அவன் விடவில்லை. பல தடவை அடிக்க வேண்டியிருந்தது. கையுறை கிழிந்து, அதன் சிவப்பு எது, மற்றது எது என்று தெரியாமல் போயிற்று. ஓர் அடி குறி தவறி நெற்றியில் பட்டது. அடுத்தது குறி தவறவில்லை.

"அவ மாசமா இருக்காடா," என்றான். வாய் குழறியது, ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது. "பிபாலுக் மாசமா இருக்கா. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன். விட்டுடுடா மச்சான்."

நான் அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன்.

விரல்கள் வேலை செய்யாததால் அவன் தன் படகின் மேல்கயிற்றுக்குள் முழங்கையை நுழைத்துத் தொங்கிக்கொண்டான். படகை விடாதே என்ற பாடத்தை இதைவிட நன்றாகப் படித்தவன் கிடையாது. நான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். இரண்டு இடத்தில் அறுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது இடத்தில் கயிற்றோடு அவன் கையும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. படகு விடுபட்டவுடன் காற்று அதை வெறும் டப்பாவைப் போல உருட்டிக்கொண்டு போயிற்று.

அப்போதும் அவன் கரையை நோக்கி நீந்தவில்லை. நீந்தினால் சூடு போய்விடும், அந்தக் காற்றில் கரை கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். முழங்காலை மார்போடு சேர்த்து, கைகளை நடுவில் வைத்து, அலைக்கு முதுகைக் காட்டிச் சுருண்டுகொண்டான். மிதவைச் சட்டை அவனைத் தாங்கியது. உள்ளே நீர் புகாத உடை. அப்படியே அவன் வெகுநேரம் இருந்திருக்கக் கூடும். ஏதாவது மீன்பிடிப் படகு வந்திருக்கவும் கூடும்.

காற்று என்னையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காப்பாற்றப் போனவன் தன் உயிருக்கு ஆபத்து வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆகவே என் படகின் மூக்கை அவன் கழுத்துக்கும் மிதவைச் சட்டைக்கும் இடையில் வைத்து, முன்னோக்கித் துடுப்புப் போட்டேன். முகம் கீழே போயிற்று. கால்கள் உதைத்தன. நான் நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தேன், எதிர்க்காற்றில் போவதைப் போல. கொஞ்ச தூரம் அப்படியே போனோம். உதைப்பது நின்ற பிறகும், உறுதியாகத் தெரியட்டும் என்று இன்னும் கொஞ்ச தூரம் போனேன்.

மறுநாளுக்கு மறுநாள் ஹெலிகாப்டர் அவனைக் கண்டுபிடித்தது. பாறையில் மோதிய காயங்கள் என்று மருத்துவர் எழுதினார். உங்களுக்கு முன் இந்த மேசையில் இருந்தவர் என் தோளைத் தட்டி, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார். அம்மா என்னை ஒரு வாரம் வெளியே விடவில்லை. சங்கத்தில் ஒரு மாலை எல்லோரையும் கூட்டி நடந்ததை விளக்கச் சொன்னார்கள். நானும் விளக்கினேன். மிதேக் செய்ததை வரிசையாகச் சொன்னேன், எங்கெங்கே அவன் நிதானமாக இருந்தான் என்று காட்டினேன். கடைசியில் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரியாத்தான செஞ்சிருக்கான், அப்புறம் எப்படிப் போனான்?" என்று கேட்டார். காற்று, என்றேன்.

அக்கா டென்மார்க் போகவில்லை. அண்ணன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். எல்லோரும் அவனைக் கூனுக் என்றே கூப்பிடுகிறார்கள். ஆகவே, நினைத்தது நடந்தது என்றுதான் நான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாரும் சந்தேகப்படாதபோது நீயாக ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள்.

அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆகஸ்டுக்குப் பிறகு எங்கள் ஊரில் வேறு யாரும் சாகவில்லை, வேறு குழந்தையும் பிறக்கவில்லை; பிறந்திருந்தால் மிதேக்கின் பெயர் அதற்குப் போயிருக்கும். என்ன பெயர் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அம்மா வயிற்றைப் பார்த்தே மிதேக், மிதேக் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்று மாலை அக்கா என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"மிதேக், யாரு வந்திருக்கான்னு பாரு," என்றாள். "உன் வாத்தியாரு. கடைசி வரைக்கும் உன் பக்கத்துலயே இருந்தவன்."

உள்ளே ஏதோ மெதுவாகத் திரும்பியது. என் பக்கமாகத் திரும்பிய மாதிரி இருந்தது.

"முதல்ல உன் மடியிலதான் போடுவேன்," என்றாள் அக்கா. "அவனுக்கு உன்கிட்டச் சொல்ல எவ்வளவோ இருக்கும்."

நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு இங்கே வந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நம் ஊர்ச் சிறைகளில் கைதிகளைப் பகலில் வேலைக்கு வெளியே விடுகிறார்கள், உறவினர்கள் குழந்தைகளோடு பார்க்க வருகிறார்கள். எனக்கு அது வேண்டாம். நீண்ட தண்டனை என்றால் டென்மார்க்குக்கு அனுப்புவது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை அங்கே அனுப்புங்கள். அதற்கு எவ்வளவு எழுத வேண்டுமோ அவ்வளவு எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பயமா என்று கேட்காதீர்கள். எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும். செத்தவன் திரும்பி வருவான் என்பதெல்லாம் அம்மா மாதிரி ஆட்கள் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்வது. பெயர் வெறும் பெயர்தான், அதை நான் எப்போதுமே அறிந்திருந்தேன். ஆனாலும் அவன் கண்ணைத் திறப்பதற்குள் நான் விமானத்தில் இருக்க வேண்டும்.